நிமிர்ந்து அமர ஓர் இருக்கை

பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்துப் பாடினார்கள் என்பது நீங்கள் அறிந்ததே. அவற்றுள் இரண்டை மட்டும் இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். ஐந்தாம் மாதத்துக்கு உரியது செங்கீரைப் பருவம். ஒரு காலை மடக்கி, மற்றொரு காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றி, தலையை நிமிர்த்தி அசைந்தாடும் காலம் அது. ஒன்பதாம் மாதத்துக்கு உரியது சப்பாணிப் பருவம். குழந்தை நிலையாக உட்கார்ந்து, இரு கைகளையும் சேர்த்துத் தட்டி மகிழும் காலம் இது. முதற் பருவத்தில் உடலைத் தாங்கும் தூண்களாய் இருந்த கைகள், அடுத்ததில் அந்த வேலையிலிருந்து விடுபட்டு விளையாடத் தொடங்குகின்றன. இடையில் நிகழ்ந்தது என்ன? குழந்தையின் முதுகும் இடுப்பும் கழுத்தும் தம் கடமையைக் கற்றுக்கொண்டன.

சப்பாணி என்ற அதே சொல், நடக்க இயலாதவரைக் குறிக்கவும் நம் ஊர்களில் வழங்குகிறது. கைதட்டி மகிழும் குழந்தைக்கும், தெருவில் பரிகசிக்கப்படும் மனிதருக்கும் ஒரே பெயர்! இவ்விரு பொருள்களுக்கும் இடையே அகப்பட்டுக்கொண்ட குழந்தைகளைப் பற்றியதே இன்றைய பேச்சு. பெருமூளை வாதம், அல்லது மூளை முடக்குவாதம், என்று மருத்துவர்கள் கூறும் நிலையில் பிறந்து வளரும் குழந்தைகள் அவர்கள். அவர்களை நிமிர்ந்து உட்காரச் செய்வது எப்படி என்று மனித சமுதாயம் ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக முயன்று கற்ற வரலாற்றை உங்களுடன் சேர்ந்து ஒருமுறை நோக்க விரும்புகிறேன்.

முதலில், உட்காருதல் என்பது என்ன? நாம் நாற்காலியில் அமர்ந்திருக்கும்போது சும்மா இருப்பதாகவே எண்ணுகிறோம். உண்மையில் நம் உடல் ஒரு கணமும் சும்மா இருப்பதில்லை. கையை நீட்டி ஒரு தம்ளரை எடுக்கிறோம். கை நகர்வதற்கு ஒரு நொடியின் சிறு பகுதிக்கு முன்பே, முதுகின் தசைகளும் வயிற்றின் தசைகளும் இறுகி, உடல் முன்னே சாய்ந்துவிடாதபடி காத்துக்கொள்கின்றன. பேருந்து குலுங்கினால் இடுப்பைச் சுற்றியுள்ள தசைகள் நம்மைக் கேளாமலே வேலை செய்கின்றன. எந்தத் தசை எப்போது இறுக வேண்டும், அதற்கு எதிரான தசை எவ்வளவு தளர வேண்டும் என்று ஆணையிடுவது மூளை.

வளர்ந்துவரும் அந்த இளம் மூளைக்குக் கருவிலேயோ, பிறக்கும்போதோ, பிறந்த சில காலத்திலோ ஊறு நேர்ந்தால் இந்த ஆணைகள் குழம்புகின்றன. சில தசைகள் ஓயாமல் விறைத்துக்கொள்கின்றன. சில துவண்டு கிடக்கின்றன. சில குழந்தைகளிடம் வேண்டாத அசைவுகள் தாமாக எழுகின்றன. மூளையில் நேர்ந்த ஊறு மேலும் மேலும் பெருகுவதில்லை. ஆனால் உடல் வளர வளர அதன் விளைவுகள் உருமாறுகின்றன. 1964-இல் மார்ட்டின் பாக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் வெளியிட்ட வரையறை, இதனை அசைவிலும் உடல் நிலையிலும் தோன்றும் கோளாறு என்றே கூறிற்று. உடல் நிலை என்ற சொல்லை இங்கே கவனிக்க வேண்டும். நடக்க இயலாமை பலர் கண்ணிலும் படுகிறது. உட்கார இயலாமை அதற்கும் முந்தியது; அதனினும் பெரிய இழப்பு.

இந்நோயை மருத்துவ உலகம் கண்டுகொண்ட கதை ஓர் ஊனக் காலிலிருந்து தொடங்குகிறது. 1810-இல் லண்டனில் பிறந்த வில்லியம் ஜான் லிட்டில் என்பவருக்குச் சிறு வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் ஒரு பாதம் வளைந்துபோயிற்று. மருத்துவம் பயின்ற அவர், தம் காலைச் சரிசெய்ய வல்லார் யாரேனும் உண்டோ என்று தேடி ஜெர்மனிக்குச் சென்றார். ஹானோவர் நகரில் ஸ்ட்ரோமையர் என்ற அறுவை மருத்துவர், தோலில் மிகச் சிறிய துளையிட்டு உள்ளே இறுகியிருந்த தசைநாணை வெட்டிவிடும் முறையைக் கையாண்டுவந்தார். 1836-இல் அம்முறையால் லிட்டிலின் பாதம் நேராயிற்று. தாம் பெற்ற நன்மையைத் தம் நாட்டவரும் பெறவேண்டும் என்று அதனை லண்டனுக்குக் கொண்டுவந்து, அதற்கென ஒரு மருத்துவமனை தோன்றவும் காரணமானார்.

அங்கே வந்த குழந்தைகளுள் சிலருடைய விறைத்த கால்களுக்குக் காரணம் காலில் இல்லை என்பதை லிட்டில் உணர்ந்தார். 1861-இல் லண்டன் மகப்பேற்று மருத்துவக் கழகத்தின் முன் ஒரு கட்டுரை படித்தார். குறைமாதப் பிறப்பும், கடினமான பிரசவமும், மூச்சுத் திணறலும் குழந்தையின் நரம்பு மண்டலத்தைத் தாக்கி இத்தகைய விறைப்பை உண்டாக்குகின்றன என்பது அவர் கருத்து. நெடுங்காலம் இந்நிலை 'லிட்டில் நோய்' என்றே வழங்கிற்று. 1889-இல் வில்லியம் ஆஸ்லர் இதுபற்றித் தனி நூல் எழுதினார். பின்னர் மனநூல் ஆராய்ச்சியால் உலகப் புகழ் பெற்ற சிக்மண்ட் ஃபிராய்டு, அதற்கு முன் குழந்தைகளின் நரம்பு நோய்களை ஆராய்ந்தவர். 1897-இல் வெளிவந்த தம் நூலில் அவர் ஓர் ஐயத்தை எழுப்பினார்: கடினமான பிரசவமே நோய்க்குக் காரணமா, அல்லது கருவிலேயே நேர்ந்த கோளாற்றின் அடையாளமாகத்தான் பிரசவம் கடினமாகிறதா? அவர் ஐயம் வீணன்று. 1986-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, பிரசவத்தின்போது நேரும் மூச்சுத் திணறல் இக்குழந்தைகளுள் ஒரு சிறு பகுதியினருக்கே காரணமாகிறது என்று காட்டிற்று. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. பிரசவத்தில் தான் ஏதோ தவறு செய்துவிட்டதாகத் தன்னையே நொந்துகொள்ளும் தாய்மார் பலர். அவர்கள் மேல் அத்தகைய பழி ஏதும் இல்லை.

பெயர் கிடைத்தது, காரணமும் ஆராயப்பட்டது. ஆனால் அந்தக் குழந்தை அன்றாடம் எப்படி வாழ்ந்தது? பெரும்பாலும் படுத்தே வாழ்ந்தது. வசதியுள்ளோர் வீட்டில் கட்டிலில்; ஏழை வீட்டில் ஒரு மூலையில். படுத்திருக்கும் குழந்தை காண்பது கூரை ஒன்றையே. எதிரில் இருப்பவர் முகம் அதற்குத் தெரிவதில்லை; கைக்கு எட்டும் பொருளும் இல்லை. பேச்சும் தெளிவாக வராவிட்டால், இதற்கு அறிவே இல்லை என்று உலகம் எளிதாகத் தீர்ப்புக் கூறிவிடும். அயர்லாந்தின் டப்ளின் நகரில் 1932-இல் பிறந்த கிறிஸ்டி பிரவுன் என்பவரைப் பற்றி மருத்துவர்கள் அவ்வாறுதான் சொன்னார்கள். ஐந்து வயதில் அவர் தம் இடது காலால் சகோதரியிடமிருந்து சுண்ணக்கட்டியைப் பற்றி எழுத முயன்றபோதுதான், உள்ளே ஒரு மனம் விழித்திருப்பது வீட்டாருக்கு ஐயமறத் தெரிந்தது. அவர் பின்னாளில் சிறந்த எழுத்தாளரானார். 1954-இல் வெளியான அவருடைய சுயசரிதையின் பெயரே 'என் இடது கால்' என்பது. அவருடைய உடலில் அடங்கி நடந்த உறுப்பு அது ஒன்றே.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மருத்துவர்கள் கண்ட வழி, வளைந்ததைக் கட்டி நிமிர்த்துவது. அமெரிக்காவில் வின்த்ராப் ஃபெல்ப்ஸ் என்ற எலும்பு மருத்துவர் 1930-களில் மேரிலாந்து மாநிலத்தில் இக்குழந்தைகளுக்கென ஒரு மறுவாழ்வு நிலையம் நிறுவினார். ஒவ்வொரு தசையையும் தனித்தனியே ஆராய்ந்து, எஃகாலும் தோலாலும் செய்த கட்டுகளை இடுப்புமுதல் பாதம்வரை பூட்டி, வேண்டாத அசைவைத் தடுத்து, வேண்டிய அசைவைப் பழக்கினார். இக்குழந்தைகளுள் பலர் நல்ல அறிவுடையோர் என்று ஓயாது எடுத்துரைத்தவர் அவர். அதற்காக அவருக்கு நாம் கடப்பாடுடையோம். ஆனால் கட்டுகள் கனமானவை. கட்டி வைத்த உறுப்பு நேராக நின்றது. கட்டை அவிழ்த்ததும் பழையபடி வளைந்தது. தசைக்கு ஆணையிடும் மூளை கற்க வேண்டிய பாடம் அப்படியே கிடந்தது.

அந்தப் பாடத்தின் முதல் ஏடுகள் வேறிடத்தில் எழுதப்பட்டுக்கொண்டிருந்தன. இங்கிலாந்தில் ஷெரிங்டன் என்ற உடலியல் அறிஞர், ஒரு தசை இறுகும்போது அதன் எதிர்த்தசை தளர்வது எவ்வாறு என்றும், மூளையின் மேற்பகுதி துண்டிக்கப்பட்டால் உடல் ஏன் விறைக்கிறது என்றும் ஆராய்ந்தார். 1932-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஹாலந்தில் யூட்ரெக்ட் நகரில் ருடால்ஃப் மாக்னஸ் என்பவர், தலை இருக்கும் நிலை மாறினால் கை கால்களின் விறைப்பும் மாறுகிறது என்று கண்டு, 1924-இல் உடலின் நிலை பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார். பச்சைக் குழந்தையைக் கூர்ந்து பார்த்தவர்கள் இதை வீட்டிலேயே கண்டிருப்பார்கள். மல்லாந்து கிடக்கும் குழந்தை தலையை ஒரு பக்கம் திருப்பினால், அந்தப் பக்கத்துக் கை நீளும். மறுபக்கத்துக் கை மடங்கும். வில்லை வளைத்து அம்பு தொடுக்கும் வீரன் போன்ற தோற்றம் அது. சில மாதங்களில் இது மறைந்துவிடும். பெருமூளை வாதமுள்ள சில குழந்தைகளிடம் மட்டும் மறையாமல் நிற்கும். பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கத் தலை திரும்பினால் போதும், கையில் இருந்த பொருள் நழுவிவிடும். இக்குழந்தை பிடிவாதம் செய்கிறது என்று எண்ணிக் கடிந்துகொள்பவர் எத்தனை பேர்!

இந்த அறிவைக் குழந்தையின் உடலுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் ஒரு தம்பதியர். பெர்லினில் உடற்பயிற்சி ஆசிரியையாய் இருந்த பெர்ட்டா, மருத்துவரான கார்ல் போபாத் இருவரும் யூதர்கள். ஹிட்லர் ஆட்சியின் கொடுமைக்குத் தப்பி லண்டனில் அடைக்கலம் புகுந்தவர்கள். 1940-களில், பக்கவாதத்தால் ஒருபுறம் விறைத்துப்போன ஓவியர் ஒருவருக்குப் பயிற்சி அளித்தபோது, விறைப்பு எப்போதும் ஒரே அளவில் நிற்பதில்லை என்று பெர்ட்டா கண்டுகொண்டார். உடலை ஒருவகையில் வைத்தால் கூடுகிறது. வேறுவகையில் வைத்தால் குறைகிறது. அவ்வாறாயின் விறைத்த தசையை இழுத்துப் போராடுவதைவிட, விறைப்பு தணியும் நிலையில் உடலை வைத்து, அங்கிருந்து அசைவைத் தொடங்குவதே அறிவுடைமை. இதே கருத்தை அவர்கள் குழந்தைகளுக்கும் பயன்படுத்தினார்கள். லண்டனில் அவர்கள் நடத்திய நிலையத்துக்குப் பல நாடுகளிலிருந்தும் இயன்முறை மருத்துவர்கள் வந்து பயின்றார்கள். அவர்கள் வழிநின்ற நான்சி ஃபின்னி என்ற அம்மையார் 1968-இல் எழுதிய நூல், குழந்தையைத் தூக்குவது, குளிப்பாட்டுவது, உடுத்துவது, உட்கார வைப்பது ஆகியவற்றைப் படங்களுடன் தாய்மாருக்கு விளக்கிற்று.

அதே காலத்தில் ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டில் ஆண்ட்ராஸ் பெட்டோ என்ற மருத்துவர் வேறொரு வழி சென்றார். அவர் தம் நிலையத்துக்கென உருவாக்கிய மரச் சாமான்கள் எளியவை. சட்டங்களை இடைவெளி விட்டு அடித்த பலகைக் கட்டில். ஏணிபோல் குறுக்குக் கம்புகள் வைத்த நாற்காலி. குழந்தை அந்தக் கம்புகளைப் பற்றிக்கொண்டு தானே எழ வேண்டும், தானே அமர வேண்டும். பிடித்து உட்கார வைப்பதைவிட, பிடித்துக்கொள்ள ஏதேனும் தருவது மேல் என்பது அவர் கொள்கை. போபாத் முறையிலும் பெட்டோ முறையிலும் பின்வந்த ஆய்வாளர் குறைகளும் கண்டார்கள். பிறர் கைகளால் குழந்தையின் உடலை அசைத்துக் கொடுப்பதனால் மட்டும் நிலையான பயன் விளைவதில்லை என்று இன்றைய ஆய்வுகள் கூறுகின்றன. ஆயினும், உடல் இருக்கும் நிலையே ஒரு மருந்து என்ற எண்ணத்தை உலகுக்குத் தந்தவர்கள் இவர்களே.

இனி நாற்காலியைப் பார்ப்போம். 1933-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் எவரெஸ்ட், ஜென்னிங்ஸ் என்ற இரு பொறியியலாளர் மடக்கக்கூடிய சக்கர நாற்காலியைச் செய்தனர். எவரெஸ்ட் சுரங்க விபத்தில் கால்களை இயக்கும் ஆற்றல் இழந்தவர். காரில் மடித்து வைத்துக்கொண்டு எங்கும் செல்லலாம் என்பது அதன் பெருமை. மடக்க வேண்டுமானால் இருக்கை கெட்டியாக இருக்க முடியாது. இரு குழாய்களுக்கு நடுவே துணியைத் தொட்டில்போல் தொங்கவிட்டார்கள். இடுப்புக்கு மேல் வலிமையுள்ள பெரியவருக்கு அது ஏற்றதாயிருந்தது. அந்த வடிவத்தையே சிறிதாக்கிக் குழந்தைகளுக்குக் கொடுத்தபோதுதான் கேடு விளைந்தது. தொங்கும் துணியில் தொடைகள் உள்நோக்கிச் சரிகின்றன, இடுப்புக் கட்டு ஒருபுறம் சாய்கிறது, முதுகு அதற்கேற்ப வளைகிறது, தலை தொங்குகிறது. மடக்குவதற்குச் செய்த நாற்காலியில் குழந்தையும் மடிந்துபோயிற்று.

எடின்பரோவில் ஃபுல்ஃபோர்டு, பிரவுன் என்ற இரு மருத்துவர் 1976-இல் எழுதிய கட்டுரை இங்கே குறிப்பிடத்தக்கது. உடற்கோணலுக்கெல்லாம் தசை விறைப்பே காரணம் என்று கருதி வந்த காலம் அது. அசையாத குழந்தையை நெடுநேரம் ஒரே நிலையில் விட்டுவைப்பதும் ஒரு காரணம், புவியின் ஈர்ப்பே மெல்ல மெல்ல உடலை உருக்குலைக்கிறது என்று அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். காற்றில் ஒருபுறம் சாய்ந்த பயிர்போல இரு தொடைகளும் ஒரே பக்கம் சாய்வதும், இடுப்பு மூட்டு நழுவுவதும், முதுகுத்தண்டு வளைவதும் ஒன்றைத் தொடர்ந்து ஒன்று வருபவை. முழுதும் விதியின் செயல் என்று இருந்தவற்றுள் ஒரு பகுதி நம் கவனக்குறைவின் செயலாயிற்று. கவனத்தால் அதைக் குறைக்கவும் வழி பிறந்தது.

இங்கிலாந்தில் சஸ்ஸெக்ஸ் பகுதியில், 1903-இல் தோன்றிய செய்லி ஹெரிடேஜ் என்னும் நிலையத்தில், 1980-களில் மருத்துவரும் பொறியியலாரும் கூடி ஓர் இருக்கையை வகுத்தனர். வீடு கட்டுவோர் அடித்தளத்திலிருந்து தொடங்குவதுபோல, அவர்கள் இடுப்புக் கட்டிலிருந்து தொடங்கினர். இருக்கையின் தளம் கெட்டியானது. இடுப்பின் பின்புறத்தை ஓர் அணை தாங்குகிறது. முழங்கால்களுக்கு முன்னே வைத்த மற்றோர் அணை தொடை வழியாக இடுப்பைப் பின்னோக்கி நிறுத்துகிறது. இவ்விரண்டுக்கும் இடையே இடுப்புக் கட்டு சரியாமல் நிற்கிறது. அது நின்றால் முதுகு நிமிர்கிறது. முதுகு நிமிர்ந்தால் தலை நிற்கிறது. தலை நின்றால் கண் பார்க்கிறது, கை நீள்கிறது.

இதன் நுட்பம் ஒன்றை விளக்க வேண்டும். தொடையின் பின்புறத்துத் தசை இடுப்பெலும்பின் அடியில் தொடங்கி, முழங்காலைக் கடந்து, கீழ்க்காலில் சென்று முடிகிறது. இக்குழந்தைகள் பலரிடம் அது குறுகி இறுகியிருக்கும். கால் நன்றாக நீட்டியிருக்கட்டும் என்று கால்பலகையை முன்தள்ளி வைத்தால், அந்தத் தசை கயிறுபோல் இழுபட்டு இடுப்பைப் பின்னுக்குச் சாய்க்கிறது. உடனே முதுகு கூனுகிறது; குழந்தை முன்னோக்கி வழுக்குகிறது. வழுக்காமல் இருக்க நாம் வயிற்றின் குறுக்கே கச்சை கட்டுகிறோம். குழந்தை மூச்சுக்குத் தவிக்கிறது. குறை இருந்த இடமோ கால்பலகை! பாதங்களைச் சற்று உள்ளே இழுத்து வைத்து, கச்சையை வயிற்றிலிருந்து இறக்கித் தொடையும் இடுப்பும் கூடும் மடிப்பில் சாய்வாகக் கட்டினால் பாதித் துன்பம் தீர்கிறது.

இவ்வாறு அனுபவத்தால் கண்டவற்றை அளந்து பார்க்கும் காலமும் வந்தது. 1980-களில் அமெரிக்காவில் நுவாவோபி என்ற ஆய்வாளர், இக்குழந்தைகளைப் பல கோணங்களில் அமரவைத்து, முதுகுத் தசைகளில் எழும் மின்னலைகளைக் கருவியால் அளந்தார். பின்னோக்கிச் சாய்த்து வைத்தால் ஓய்வு கிடைக்கும் என்று நாம் எண்ணுகிறோம். சாய்ந்த நிலையைவிட நேராக நிமிர்ந்த நிலையிலேயே முதுகின் விறைப்புக் குறைந்திருந்தது. கையும் நன்றாக வேலை செய்தது. 1991-இல் மைர், வென்ட் என்ற வட ஐரோப்பிய ஆய்வாளர் இருவர், இருக்கையின் தளத்தை முன்னோக்கிச் சற்றே சாய்த்து, இடுப்பைப் பின்னிருந்து தாங்கி, கைகளை மேசைமேல் ஊன்றச் செய்து, பாதங்கள் பின்னே செல்ல இடம்விட்டால், பல குழந்தைகளின் தலை நன்கு நிமிர்வதைக் காட்டினர். எல்லாக் குழந்தைக்கும் ஒரே கோணம் என்ற கட்டளை அதனால் தளர்ந்தது. ஒவ்வொரு குழந்தையையும் தனியே பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.

ஸ்டாக்ஹோமில் நடந்த ஆய்வு இன்னும் நுட்பமானது. குழந்தையை ஒரு பலகைமேல் அமர்த்தி, பலகையைச் சட்டென்று நகர்த்தினார்கள். மற்றக் குழந்தைகளிடம் இடுப்பருகே உள்ள தசைகள் முதலில் விழித்தெழ, பிறகு மேலே உள்ளவை தொடர்ந்தன. பெருமூளை வாதமுள்ள குழந்தைகளிடம் முறை தலைகீழாய் இருந்தது. கழுத்துத் தசை முதலில் இறுகியது. அதோடு எதிரெதிரான தசைகள் ஒரே நேரத்தில் இறுகின. இதைப் பிழை என்று மட்டும் சொல்லலாமா? மற்ற எதையும் காக்க முடியாதபோது தலையையாவது காப்போம் என்று அந்த உடல் தானே கண்டுபிடித்த தந்திரமாகவும் அது இருக்கலாம். புயலில் கப்பலோட்டி தன்னைப் பாய்மரத்தோடு கட்டிக்கொள்வதில்லையா? அந்தக் கட்டை அவிழ்க்குமுன் கப்பல் ஆடாதபடி செய்ய வேண்டும். நல்ல இருக்கை செய்யும் வேலை அதுவே.

தாங்குவதிலும் அளவு வேண்டும். 1998-இல் இங்கிலாந்தில் பட்லர் என்பவர் ஒரு முறையை வெளியிட்டார். குழந்தையின் உடலில் எந்த மட்டம் வரையில் அதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது, எங்கே தளர்கிறது என்று முதலில் காண வேண்டும். தளரும் இடத்துக்குச் சற்றே கீழ்வரை தாங்கி, அதற்கு மேற்பட்டதைக் குழந்தையிடமே விட்டுவிட வேண்டும். அது கைவந்தபின் தாங்கலை இன்னும் ஒரு படி இறக்க வேண்டும். மிகுதியாகத் தாங்கினால் தசை கற்பதில்லை. குறைவாகத் தாங்கினால் குழந்தை அஞ்சி விறைக்கிறது. கொழுகொம்பு நடுவோர் கொடியின் உயரம் அறிந்து நடுவதுபோன்றது இது.

இவையெல்லாம் செல்வ நாடுகளின் கதை அல்லவா, நமக்கு என்ன பயன் என்று கேட்கலாம். மெக்ஸிகோவின் மலைக் கிராமம் ஒன்றில் உடற்குறையுள்ளோரே நடத்திய மறுவாழ்வு நிலையத்தில் பணியாற்றிய டேவிட் வெர்னர், 1987-இல் கிராமத்துக் குழந்தைகளுக்கென ஒரு பெருநூல் எழுதினார். மரக்கட்டை, பழைய டயர், பெட்டி ஆகியவற்றால் இருக்கை செய்யும் வழிகள் அதில் படங்களுடன் உள்ளன. இரு சுவர் கூடும் மூலைபோலப் பலகைகளைச் சேர்த்துச் செய்யும் மூலை இருக்கை, தோள்கள் பின்னே விறைத்துப்போகும் குழந்தைக்கு மிக ஏற்றது. தோள்கள் தாமே முன்னே வருகின்றன. ஜிம்பாப்வே நாட்டில் பழைய காகிதத்தையும் மாவுப் பசையையும் கொண்டே உறுதியான இருக்கைகள் செய்யும் முறை தோன்றிற்று. காகிதக் கூழால் பொம்மை செய்தறிந்த நமக்கு அது வியப்பன்று.

நம் வீட்டு வழக்கங்களிலும் நன்மை உண்டு. நம் தாய்மார் குழந்தையை இடுப்பில் வைத்துத் தூக்குகிறார்கள். அப்போது குழந்தையின் கால்கள் இருபுறமும் அகன்றிருக்கின்றன. கத்தரிக்கோல்போல் கால்கள் பின்னிக்கொள்ளும் குழந்தைக்கு மருத்துவர் பரிந்துரைப்பதும் கால்களை அகற்றி வைக்கும் இந்நிலையையே. நாம் தரையில் அமர்ந்து உண்ணும் குடும்பத்தினர். குழந்தைக்கும் தரைமட்டத்தில் ஓர் இருக்கை அமைந்தால் அது எல்லோரோடும் பந்தியில் இருக்கும். மல்லாத்தி வைத்து ஊட்டும் பழக்கத்தை மட்டும் விட்டொழிக்க வேண்டும். தலை பின்னே சாய்ந்த நிலையில் ஊட்டினால் உணவு மூச்சுக்குழலுள் செல்லும். அடிக்கடி வரும் மார்ச்சளிக்கும் காய்ச்சலுக்கும் அது காரணமாகக்கூடும். உயிருக்கே அபாயம். தலையைச் சற்று முன்னே தாழ்த்தி, நிமிர்த்தி அமர்த்தி, எதிரே அமர்ந்து ஊட்டுவதே முறை.

நம் நாட்டில் இந்த அறிவு வேரூன்றிய இடங்கள், தமிழர்களாகிய நீங்கள் பிழைப்பு நாடிச் சென்று குடியேறிய நகரங்களே. பெருமூளை வாதமுள்ள ஒரு மகளின் தாயான மிது அலூர், இந்தியாவில் வழி காணாமல் இங்கிலாந்து சென்று பயின்று திரும்பி, 1972-இல் பம்பாயில் இக்குழந்தைகளுக்கென ஒரு பள்ளி தொடங்கினார். நடிகை நர்கிஸ் அதன் முதற் புரவலராய் விளங்கினார். கல்கத்தாவில் 1974-லும், டில்லியில் 1978-லும், பெங்களூரில் 1980-லும் அத்தகைய சங்கங்கள் எழுந்தன. 1985-இல் சென்னையில் பூனம் நடராஜன் தொடங்கிய பள்ளி இன்று வித்யா சாகர் என்ற பெயரால் விளங்குகிறது. மருத்துவம் ஓரிடம், பள்ளி ஓரிடம் என்று பிரியாமல், இயன்முறை மருத்துவரும் ஆசிரியரும் தச்சரும் ஒரே கூரையின்கீழ்க் கூடியதே இவற்றின் சிறப்பு. பலகையை அறுத்துக் குழந்தையின் அளவுக்கு இருக்கை செய்வதும் அங்கே ஒரு பாடமாயிற்று.

அறிவே இல்லை என்று மருத்துவர்களால் கைவிடப்பட்ட மிது அலூரின் மகள் மாலினி சிப் என்ன ஆனார்? பம்பாயில் பட்டம் பெற்று, லண்டனில் இரு முதுநிலைப் பட்டங்கள் பெற்றார். ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்து தம் வாழ்க்கையை நூலாக எழுதினார். 'ஒரு சிறு விரல்' என்பது அதன் பெயர். அந்த விரல் ஒரு விசையைத் தொட வேண்டுமானால் அதற்குப் பின்னே தோள் நிற்க வேண்டும். தோளுக்குக் கீழே முதுகும், முதுகுக்குக் கீழே இடுப்பும் நிற்க வேண்டும். ஒரு நூலின் அடியில் ஓர் இருக்கை இருக்கிறது.

சட்டமும் பின்னால் வந்தது. 1995-ஆம் ஆண்டின் சட்டம் பெருமூளை வாதத்தைப் பெயர் சொல்லிக் குறித்தது. 1999-இல் இவர்களின் நலனுக்கென தேசிய அறக்கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளுள் இதனையும் சேர்த்து, பள்ளியில் இடம்பெறும் உரிமையை உறுதி செய்தது. சொல்லும் மாறியது. 1952-இல் பெற்றோர் சிலரின் முயற்சியால் பிரிட்டனில் பிறந்த ஸ்பாஸ்டிக் சங்கம், அச்சொல் வசைச் சொல்லாகிவிட்டதால் 1994-இல் தன் பெயரையே மாற்றிக்கொண்டது. இந்தியச் சங்கங்கள் பலவும் அவ்வாறே செய்தன.

தொலைவூர்களில் வாழும் அன்பர்களே, பாட்டியும் அத்தையும் பக்கத்தில் இல்லாத சிறு வீட்டில், அயல்மொழி பேசும் மருத்துவர் முன் நின்று, ஒரு குழந்தையை வளர்ப்பது எளிதன்று. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இத்தகைய குழந்தை இருந்தால் சிலவற்றை நோக்குங்கள். இடுப்பு இருக்கையின் பின்பக்கத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா? பாதங்கள் ஊன்றியிருக்கின்றனவா, தொங்குகின்றனவா? முழங்காலின் பின்னே இரு விரல் நுழைய இடம் உண்டா? முன்னே முழங்கை உயரத்தில் ஒரு பலகை உண்டா? சென்ற ஆண்டு செய்த இருக்கை இவ்வாண்டு வளர்ந்த உடலுக்குப் பொருந்துகிறதா? எவ்வளவு நல்ல இருக்கையானாலும் நாள் முழுதும் அதிலேயே வைத்திராமல், குப்புறப் படுக்கவும், பக்கவாட்டில் சாயவும், தாங்கி நிற்கவும் இடையிடையே மாற்றுகிறோமா? ஐயம் எழுந்தால் இயன்முறை மருத்துவரைக் கேளுங்கள். தச்சரிடம் போகுமுன் குழந்தையையும் கேளுங்கள். எந்த நிலையில் அதன் கண் உங்களைத் தேடுகிறது, எந்த நிலையில் கை நீள்கிறது என்பதே அதன் விடை.

நம் புலவர்கள் தெய்வத்தையும் குழந்தையாக்கி, எழுந்து அமர்ந்து சப்பாணி கொட்டுக என்று வேண்டினார்கள். ஒன்பதாம் மாதத்தில் கொட்டாத குழந்தை ஒன்பதாம் வயதில் கொட்டினால் என்ன? அது கைகொட்டும் ஓசையைக் கேட்க விரும்பினால், முதலில் அதன் இடுப்புக்கு ஓர் ஆதாரம் தருவோம்.